ஐந்தின் மேல் ஒரு புள்ளி

பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ கிடந்தால் எடுத்து வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எண்களின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டுங்கள். நட்ட நடுவில் ஒரு பொத்தானில் மட்டும் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். புள்ளியாகவோ குட்டிக் கோடாகவோ இருக்கும். அதுதான் 5. அதைப் பிடித்துவிட்டால் போதும். நேர் மேலே 2, நேர் கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. கண்ணைத் திறக்காமலே தாத்தாவின் எண்ணை அழுத்திவிடலாம். வங்கி ஏ.டி.எம். இயந்திரத்தின் எண் பலகையிலும் இதே மேடு உண்டு. (கால்குலேட்டரிலும் 5 நடுவில்தான். ஆனால் அதில் மேலே 8, கீழே 2. ஒப்பிட்டுப் பாருங்கள்.)

இனி ஸ்மார்ட் போனில் எண் பலகையைத் திறந்து வைத்துவிட்டு அதே விளையாட்டை ஆடுங்கள். விரலுக்கு என்ன தெரிகிறது? வழவழப்பான கண்ணாடி. 5-உம் 9-உம் ஒரே மாதிரி. கண்ணாடியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைத் தவிர விரலுக்கு வேறு சேதி கிடையாது. பொத்தானை விட்டுக் கண்ணாடிக்கு வந்தபோது அந்தச் சின்ன மேட்டைத் தொலைத்துவிட்டோம். அதை எப்படி மீட்பது என்று உலகத்தில் பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதம் அதைப் பற்றிப் பேசலாம்.

அந்த மேடு இல்லாததால் வரும் சிக்கலைப் பார்க்க நம் ரயில் நிலையத்துக்குப் போவோம். மணவூர்ப் பிள்ளைகளுக்கு ரயிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னை–அரக்கோணம் பாதையில் செஞ்சி பனம்பாக்கத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில் மணவூர் நிலையம். சென்னையிலிருந்து திருத்தணிக்குப் போகும் மின்சார ரயிலும் இதே தடத்தில்தான் போகிறது. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிகளோடு கூட்டம் நெரியும், டிக்கெட் கவுன்ட்டரில் வரிசை நீளும். இப்படிப்பட்ட வரிசைகளைக் குறைப்பதற்காகச் சென்னைப் புறநகர் ரயில் நிலையங்கள் பலவற்றில் தானியங்கி டிக்கெட் இயந்திரங்களை வைத்தார்கள். திரையில் ஊரைத் தொட வேண்டும், எத்தனை பேர் என்று தொட வேண்டும், பணத்தைக் கட்ட வேண்டும், டிக்கெட் வெளியே வரும். பார்க்க முடிந்தவருக்கு ஒரு நிமிட வேலை.

பார்வையற்ற ஒருவர் அதன் முன் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். இயந்திரத்துக்குப் பேசத் தெரியாது என்றால் அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று குரல் கொடுக்க வேண்டும்: "தம்பி, மணவூருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுப்பா." நம் ஊர்களில் உதவ ஆள் கிடைக்கும், அது நல்ல விஷயம். ஆனால் அதே பார்வையற்றவர் ஏ.டி.எம்.மில் நிற்கும்போது? கார்டைக் கொடுத்து, நான்கு இலக்க ரகசிய எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி, "எவ்வளவு வந்தது, சரியாக எண்ணிக் கொடு" என்று கேட்பதா? உதவி கேட்பது ஒருவர் தாமாக விரும்பிச் செய்ய வேண்டிய காரியம். இயந்திரம் அவரை அதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கண்ணாடிக்கு நம் விரல் எப்படித் தெரிகிறது? அது தெரிந்தால்தான் யாருடைய விரல் அதற்குத் தெரியாமல் போகிறது என்பதும் புரியும்.

போன் திரையின் கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை இண்டியம் டின் ஆக்ஸைடு என்ற பொருளால் ஆனவை. ஒளியையும் உள்ளே விடும், மின்சாரத்தையும் கடத்தும். இரண்டு குணமும் சேர்ந்த பொருள்கள் மிகக் குறைவு. அந்தக் கோடுகளில் மிகச் சிறிய மின்னூட்டம் இருக்கும். நம் உடம்பில் நீரும் உப்பும் இருப்பதால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். விரல் கண்ணாடியை நெருங்கும்போது அந்த இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறுகிறது. எந்தக் குறுக்குக் கோடும் எந்த நெடுக்குக் கோடும் சந்திக்கும் இடத்தில் மாறியது என்று உள்ளே இருக்கும் சில்லு ஒரு நொடியில் பலமுறை அளந்துகொண்டே இருக்கிறது. 1965-ல் இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரில், ராயல் ரேடார் நிறுவனத்தில் பணிபுரிந்த இ. ஏ. ஜான்சன் என்பவர் இந்த முறையை எழுதி வெளியிட்டார். வானத்தில் விமானங்களுக்கு வழிகாட்டும் வேலைக்காக அவர் யோசித்தது அது.

ஒரு சோதனை. பிளாஸ்டிக் பேனாவின் மூடியால் திரையைத் தொடுங்கள். அசையாது. நகத்தின் நுனியால் மட்டும் தொடுங்கள். அதுவும் பெரும்பாலும் வேலை செய்யாது. ஒரு கேரட்டையோ வாழைப்பழத்தையோ வெறுங்கையில் பிடித்துக்கொண்டு அதன் நுனியால் தொட்டால் திரை ஏற்றுக்கொள்ளும். கேரட்டில் நீர் இருக்கிறது. உங்கள் கை வழியாக அது உங்கள் உடம்போடும் சேர்ந்துவிடுகிறது. அதே பேனாவைச் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றி, தாளின் மேலேயே விரல் படும்படி பிடித்துத் தொடுங்கள். என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள்.

இப்போது யோசியுங்கள். விபத்தில் கையை இழந்து செயற்கைக் கை பொருத்தியவரின் விரல் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால், அந்தத் திரைக்கு அவர் அங்கே இல்லவே இல்லை. கைகளை அசைக்க முடியாமல் வாயில் குச்சியைக் கவ்வி எழுதுபவர்களும் இருக்கிறார்கள். குச்சியின் நுனி மின்சாரத்தைக் கடத்தாவிட்டால் அவர்களுக்கும் இதே கதிதான். வயலில் உழைத்துக் காய்ப்பு ஏறி உலர்ந்துபோன விரலையும் சில திரைகள் சரியாக உணர்வதில்லை. உங்கள் பாட்டி, "நான் தொட்டா மட்டும் இது வேலை செய்ய மாட்டேங்குது" என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை.

எல்லாத் தொடுதிரையும் இந்த வகையல்ல. சிலவற்றில் இரண்டு மெல்லிய படலங்கள் சிறு இடைவெளியோடு இருக்கும். அழுத்தினால் ஒன்றையொன்று தொடும். அதற்கு விரல், குச்சி, பேனா எதுவும் சம்மதமே. ஆனால் அழுத்த வலு வேண்டும். இன்னொரு வகையில், திரையின் ஓரச் சட்டங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் திரைமேல் வலைபோட்டு ஓடும். எது குறுக்கே வந்தாலும் கதிர் மறைந்து இடம் தெரிந்துவிடும். செயற்கை விரலுக்கு இது வசதி. துப்பட்டாவின் நுனி பட்டாலும் அது தொட்டதாகிவிடும் என்பது இதன் குறை. எல்லாருக்கும் பொருந்தும் திரை என்று ஒன்று இல்லை. அதனால்தான் திரையை மட்டும் நம்பி இயந்திரம் செய்யக் கூடாது.

கை நடுங்குபவர்களின் சிக்கல் வேறு. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமிக்கோ நடுக்குவாதம் வந்த ஒரு முதியவருக்கோ விரல் குறி வைத்த இடத்தில் போய் இறங்காது. அரக்கோணத்தைத் தொடப் போய் மோசூரில் விரல் விழும். இதற்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. போனில் ஏதாவது ஒரு படக்குறியின் மேல் விரலை வைத்து, எடுக்காமலே பக்கத்தில் நகர்த்திப் பாருங்கள். செயலி திறக்காது. விரல் படும் கணத்தில் திறக்காமல், விரல் எழும் கணத்தில் திறக்கும்படி அமைத்திருப்பதால்தான் அப்படி. 1988-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்நைடர்மனும் உடன் பணியாற்றியவர்களும் மூன்று விதமாகத் தொடவைத்துச் சோதித்தார்கள். விரலைக் கண்ணாடியில் இழுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய், பிறகு தூக்கும் முறையில் தவறுகள் குறைந்தன. நடுங்கும் விரலுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள அது ஒரு வாய்ப்புத் தருகிறது.

நேரமும் ஒரு தடைதான். "நேரம் முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு முதல் பக்கத்துக்கே ஓடிப்போகும் இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். இணையப் பக்கங்களுக்கான உலகளாவிய அணுகல் நெறிகள் இதற்கு ஒரு விதி சொல்கின்றன: முடிக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், "இன்னும் நேரம் வேண்டும்" என்று கேட்கக் குறைந்தது 20 நொடியாவது தர வேண்டும். டிக்கெட் இயந்திரத்துக்கும் இது நல்ல விதிதான்.

அடுத்தது உயரம். அங்குல நாடாவை எடுத்துச் சுவரில் 4 அடி உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தொட முயலுங்கள். அமெரிக்காவின் விதிகளில், சக்கர நாற்காலியில் வருபவர் தொட வேண்டிய எதுவும் தரையிலிருந்து 15 அங்குலத்துக்குக் கீழேயும் 48 அங்குலத்துக்கு மேலேயும் இருக்கக் கூடாது. 48 அங்குலம் என்றால் நீங்கள் போட்ட அந்த 4 அடிக் கோடுதான். திரை மட்டும் அந்த அளவுக்குள் இருந்தால் போதாது. கார்டு சொருகும் இடம், டிக்கெட் வரும் இடம் எல்லாமே எட்ட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நின்று பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரியும் திரை, உட்கார்ந்து நிமிர்ந்து பார்ப்பவருக்கு வெயிலின் கூச்சத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஏற முடிந்தவர்கள் படியில் ஏறுகிறார்கள். முடியாதவர்கள் மலைச்சாலையில் வண்டியில் போகிறார்கள். இரண்டு பேரும் போய்ச் சேர்வது ஒரே சன்னிதிக்கு. இயந்திரமும் அப்படி இருக்கலாம். கண்ணுக்கு ஒரு வழி, காதுக்கு ஒரு வழி, விரலுக்கு ஒரு வழி. வெளியே வருவது ஒரே டிக்கெட்.

காது வழியைத் திறந்தது பேசும் ஏ.டி.எம். இந்தியாவில் 2012 ஜூன் மாதம் யூனியன் வங்கி அகமதாபாத்தின் வஸ்திராப்பூர் பகுதியில் அப்படி ஒன்றைத் திறந்தது. வேலை செய்யும் விதம் எளிமையானது. இயந்திரத்தின் முகப்பில் ஹெட்போன் சொருக ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் உங்கள் ஹெட்போனைச் சொருகிய உடனே, வந்திருப்பவர் கேட்டுப் பணம் எடுக்கப்போகிறவர் என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். எண் பலகை எங்கே, கார்டு போடும் இடம் எங்கே என்று முதலில் காதில் சொல்லும். பிறகு ஒவ்வொரு படியாக வழிகாட்டும். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்காதபடி திரையை இருட்டாக்கிவிடும் வசதியும் இத்தகைய இயந்திரங்களில் உண்டு. ரகசிய எண்ணை அழுத்த, ஐந்தின் மேல் அந்த மேடு. ரிசர்வ் வங்கி 2009-ல், புதிதாக வைக்கும் ஏ.டி.எம்.களில் மூன்றில் ஒரு பங்காவது விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் பொத்தான்களோடு பேசுபவையாக இருக்கட்டும் என்றது. 2014 ஜூலை 1 முதல் புதியவை எல்லாமே அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தத் துளையில் தூசி அடைத்துக்கொண்டால் இவ்வளவும் வீண். துடைத்து வைப்பதும் வேலையில் சேர்த்திதான்.

பொத்தானே இல்லாத வெறும் கண்ணாடியை என்ன செய்வது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதர் வருகிறார். பெயர் டி. வி. ராமன். புனேயில் வளர்ந்தவர். கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வை முழுவதும் போய்விட்டது. மற்றவர்கள் பாடங்களை வாசித்துக் காட்ட, கணிதம் படித்தார், பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தார்; அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-ல் முனைவர் பட்டம் வாங்கினார். கணிதச் சமன்பாடுகளைக் கணினி வாசித்துக் காட்டும்படி செய்ததுதான் அவருடைய ஆய்வு. அதற்கு அவர் வைத்த பெயர், அவருக்கு வழிகாட்டிய நாய் ஆஸ்டரின் பெயர்.

பிறகு அவர் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார். தொடுதிரை போன்கள் பரவத் தொடங்கிய நேரம். கண்ணாடியில் 5 எங்கே இருக்கிறது என்று விரலால் தேட முடியாது. ராமன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். 5-ஐ விரல் ஏன் தேட வேண்டும்? விரல் எங்கே விழுகிறதோ அதுதான் 5 என்று வைத்துக்கொண்டால் என்ன? அப்படியே ஒரு டயலரைச் செய்தார்கள். திரையில் எங்கே வேண்டுமானாலும் விரலை வையுங்கள், அது 5. அங்கிருந்து மேலே இழுத்தால் 2. இடப்பக்க மேல் மூலைக்கு இழுத்தால் 1. வலப்பக்கக் கீழ் மூலைக்கு இழுத்தால் 9. தப்பாக அழுத்திவிட்டால் போனை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். கடைசி எண் அழிந்துவிடும். பழைய பொத்தானின் மேல் இருந்த புள்ளியைக் கண்ணாடியின் மேல் எங்கே வேண்டுமானாலும் முளைக்க வைத்துவிட்டார் அவர். இதற்கு ஒரு கம்பியோ பொத்தானோ கூடுதலாகத் தேவைப்படவில்லை. யோசனை மட்டும்தான்.

2009-ல் ஐபோனிலும் திரையை வாசித்துச் சொல்லும் வசதி வந்தது. விரலை ஓட்டினால் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லும். அதுதான் வேண்டுமென்றால் இருமுறை தட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் இதற்கு டாக்பேக் என்று பெயர். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமைப்புகளுக்குள் போய் இதை இயக்கிப் பாருங்கள். இயக்கியபின் ஒருமுறை தட்டினால் எதுவும் திறக்காது. அதனால் எப்படி அணைப்பது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இயந்திரமும் உள்ளே ஒரு கணினிதான். அதற்கும் இப்படிப் பேசக் கற்றுக்கொடுக்க முடியும்.

பேச வேண்டும் என்றால் தமிழில் பேச வேண்டும். அது அவ்வளவு எளிதல்ல. "கடம்பத்தூர்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அடுத்து "பழம்" என்று சொல்லுங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே "ப" எழுத்து. ஒலி ஒன்றா? மெல்லின எழுத்தான "ம்"முக்குப் பின்னால் வரும்போது அது அதிர்ந்து மென்மையாகிறது. சொல்லின் முதலில் வரும்போது வன்மையாக ஒலிக்கிறது. "க", "ட", "த" எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. நாம் பள்ளிக்கு வரும் முன்பே இதைக் காதால் கற்றுவிட்டோம். இயந்திரத்துக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். "ரூ.10" என்று இருந்தால் "பத்து ரூபாய்" என்று வாசிக்கவும் கற்றுத்தர வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையிலான குழு, தமிழ் உள்பட இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறது. கணினித் திரையை வாசிக்கும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளும் தமிழ் பேசும். அதை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு நண்பர்கள், இருவருமே பார்வையற்றவர்கள். நம் பக்கத்து இயந்திரத்துக்குத் தெலுங்கும் தெரிந்திருக்க வேண்டும். திருத்தணிக்கு அடுத்த நிலையம் பொன்பாடி. இன்னும் கொஞ்சம் போனால் நகரி, ஆந்திரம் வந்துவிடும்.

குரல் கேட்டால் போதுமா? காது கேளாதவருக்குக் குரலால் பயனில்லை. "உதவிக்கு இந்தப் பொத்தானை அழுத்திப் பேசவும்" என்று மட்டும் எழுதி வைத்த இயந்திரம் அவருக்கு உதவாது. குரல் சொல்வதெல்லாம் எழுத்திலும் வர வேண்டும், எழுத்து பெரிதாகவும் பின்னணியிலிருந்து எடுப்பாகவும் தெரிய வேண்டும். திரைக்குக் கீழே நாலைந்து உண்மையான பொத்தான்களும் இருந்தால் மிகவும் நல்லது. மேலே, கீழே, சரி, உதவி. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் குழு இப்படிப்பட்ட பொத்தான் வரிசையை உருவாக்கியது. வடிவத்தையும் நிறத்தையும் வைத்தே அவற்றைப் பிரித்தறியலாம். நம் இயந்திரத்தில் இவை இருந்தால், கீழ்ப் பொத்தானை அழுத்த அழுத்தக் காதில் ஊர்கள் வரிசையாக வரும்: கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர். "சரி" என்றால் டிக்கெட்.

நம் நாட்டில் எல்லாரும் அறிந்த இயந்திரம் ஒன்றில் விரலுக்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒவ்வொரு பொத்தானின் பக்கத்திலும் பிரெய்ல் எண் உண்டு. வேட்பாளர் பட்டியலைப் பிரெய்ல் தாளில் வாசித்துவிட்டு, எண்ணைத் தடவிப் பார்த்துப் பொத்தானை அழுத்தலாம். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகவும் சட்டம் இடம் தருகிறது. யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பது நமக்கு மட்டும் தெரிய வேண்டுமென்றால் பிரெய்ல் எண் வேண்டும்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அன்றாடப் பொருள்களும் மின்னணுக் கருவிகளும் எல்லாரும் பயன்படுத்தும் விதத்தில் இருக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. வங்கிக் கணக்குத் தொடங்க, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள். அமிலத் தாக்குதலில் கண் பாதிக்கப்பட்ட ஒருவரால் சிமிட்ட முடியவில்லை. பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் இதுபோன்ற தடைகளை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார். இத்தகைய மின்னணு வசதிகளை எட்டுவது ஒருவர் கண்ணியமாக வாழும் உரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். சிமிட்ட முடியாதவர்களுக்கு வேறு வழி வைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் டிக்கெட் இயந்திரம், ஏ.டி.எம். ஆகியவற்றுக்கான அணுகல் சட்டம் 2025 ஜூன் 28-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய இயந்திரங்களை மாற்ற அங்கே நீண்ட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்; அது எனக்கு வருத்தம்தான்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதை எடுத்துக்கொள்ளுங்களேன். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றில் டிக்கெட் இயந்திரம் செய்யுங்கள். முன்பக்கம் திரை வரையுங்கள். கீழே அட்டையில் வெட்டிய முக்கோணம், வட்டம், சதுரம் ஒட்டிப் பொத்தான்கள் வையுங்கள். ஒருவர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இயந்திரத்தின் குரலாகட்டும். பொத்தான் அழுத்தப்படும்போது மட்டும் பேச வேண்டும், தானாக உதவக் கூடாது. நண்பர்களை நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் தடித்த துணி சுற்றியபடி, காதைப் பொத்தியபடி டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டும் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டவருக்குத் தடுமாற்றம் மட்டும்தான் தெரியும். பல ஆண்டுகளாகப் பார்வையில்லாமல் வாழ்பவருக்கு விரலையும் காதையும் எப்படிப் பயன்படுத்துவது என்பது தெரியும். உங்கள் ஊரில், உங்கள் பள்ளியில், உங்கள் தெருவில் மாற்றுத்திறனாளிகள் யாராவது இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு, "அக்கா, இதுல மணவூருக்கு ஒரு டிக்கெட் எடுத்துப் பாருங்க, எங்க கஷ்டமா இருக்குன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பொத்தானை எங்கே மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதையும் பெட்டியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கண்காட்சிக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.